அரைக்கால் அங்குலம்

ஏரிக்கரை நகரத்து ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இருபத்தேழு வருடமாக ஆட்டக்காரர்களைத் தேடிக் கொடுத்தவர் வெர்லின் ஸ்டூபாக். கல்லூரி கல்லூரியாகக் கார் ஓட்டிப்போய்ப் பையன்களை எடை போடுவதே பிழைப்பு. ஜூனில் ஓய்வு. அதற்குள் அணிக்கு ஒரு நல்ல குவாட்டர்பேக் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்.

பந்தை எறிகிறவனும் ஆட்டத்தை நடத்துகிறவனும் குவாட்டர்பேக்தான். அவன் சரியில்லையென்றால் மற்றவர்கள் என்ன முட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர். இந்த இருபத்தேழு வருடத்தில் ஸ்டோக்கர்ஸ் இருபத்திரண்டு பேரை மாற்றிவிட்டது. அத்தனை பேரையும் ஒரு விதிப்படிதான் எடுத்தார்கள். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒன்பது அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் டிசம்பர் பனியில் பந்து நழுவுமாம்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் நோலன் ட்வெட் என்பவனை அளந்தார் வெர்லின். வேறு யாரும் அவனைச் சீந்தவில்லை. இவர் அளவே வேதவாக்கு. நாடாவில் அரைக்கால் அங்குலம் குறைந்தது.

"சார், கை விறைச்சுப் போச்சு. இன்னொரு தடவை அளங்க சார்."

"அளவு அளவுதான் தம்பி. எனக்கு விமானத்துக்கு நேரமாச்சு."

அந்த ட்வெட் வேறு ஊருக்குப் போய் இரண்டு கோப்பை வாங்கினான். ஒருமுறை ஸ்டோக்கர்ஸின் சொந்த மைதானத்திலேயே, கொட்டும் பனியில் இவர்களை நொறுக்கினான். தான் மறுபடி அளக்க மறுத்ததை வெர்லின் யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். மனிதர் நல்லவர்தான், ஆனால் கோழை.

இந்த ஏப்ரலில், அணிகள் முறைவைத்துக் கல்லூரிப் பையன்களை எடுத்துக்கொள்ளும் தேர்வு நாள். இவர்கள் முறை வந்து பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அறையில் மேலாளர் கோர்டன் பெல், முதலாளியம்மா ஹெட்விக் லாரன்ஸ், தேர்வு மேடைக்குப் பெயர் சொல்லத் தொலைபேசிப் பக்கத்தில் ஒருவர். வெர்லின் இந்த வருடம் கொண்டுவந்த பெயர் டேவியன் ரஸ்க்.

"கை?" என்றார் பெல்.

வெர்லின் மூன்று முறை அளந்திருந்தார். மூன்றும் ஒன்றுதான். ஒன்பது என்று ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஒன்பதுக்கு அரைக்கால் கம்மி சார்."

"அப்ப வேணாம். அந்த ஒஹாயோ தடியனைப் பாருங்க."

"ரஸ்க்கையே எடுங்க சார். ஆலங்கட்டி மழையில அறுபது தடவை எறிஞ்சான். ஒண்ணுகூட நழுவல."

"விதின்னா விதி. ட்வெட்டையே அதுக்குத்தானே விட்டோம்?"

வெர்லின் நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருந்தது.

"அவனை விட்டது நான் சார். கை விறைச்சிருக்கு, திரும்ப அளங்கன்னு கெஞ்சினான். நான் கேக்கல. பயந்துக்கிட்டு இத்தனை வருஷமா மூடி மறைச்சேன்."

"அடப்பாவி!" என்று பெல் மேசையைக் குத்தினார். "ஊரே என்னைக் காறித் துப்பிச்சே! பத்தொன்பது வருஷம் வாயில கொழுக்கட்டையா?" திட்டினார், திட்டினார், நிறுத்தவேயில்லை. வெர்லின் தலைகுனிந்து நின்றார்.

"போதும் கோர்டன்," என்றார் ஹெட்விக் அம்மாள். "ஒரு அரைக்காலுக்காக ஒருத்தனை விட்டது போதும். ரஸ்க் பேரைச் சொல்லுங்க."

தொலைபேசிக்காரர் வாய் திறப்பதற்குள் கடிகாரம் சைபரைத் தொட்டது. நேரம் தவறினால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். திரையில் அடுத்த அணியின் ஆள் சீட்டோடு மேடைக்கு ஓடினான். டேவியன் ரஸ்க் என்று ஒலிபெருக்கி முழங்கியது.

முதலாளியம்மா வெர்லின் பக்கம் திரும்பினார்.

"வெர்லின், அன்னிக்கு இன்னொரு தடவை அளந்திருந்தா எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அரை நிமிஷம்மா."