காலையில் வரும் சிவப்புப் படம்

கடைப் பணியாட்கள் அவளை மாடியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். திரைச்சீலைக் கடைக்கு மேலே, படி ஏறியதும் இடது கைப்பக்கம் இருக்கும் சின்ன அறை அவளுடையது. ஒரு மேஜை, ஒரு கணினி, கழுத்து ஆடும் ஒரு மின்விசிறி. காலை நீட்டினால் சுவரில் இடிக்கும். கடையின் இணையதளத்தைக் கட்டியவளும் அவள்தான், கட்டிய நாளிலிருந்து பார்த்துக்கொள்பவளும் அவள்தான். படத்தில் ஒரு நிறமும் கையில் ஒரு நிறமுமாக இருந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு துணிச் சுருளையும் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் படம் எடுத்து ஏற்றியவள். இந்த வேலைக்கெல்லாம் வீட்டில் ஒரு பெயர் இருந்தது: 'அவ கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா.'

கொஞ்ச நாளாக அவளுக்குப் பொழுது விடிவதே சிவப்பில்தான். ஒரு கையில் சீப்பும் மறு கையில் தண்ணீர்ப் புட்டியுமாகப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருக்கும்போது போன் சிணுங்கும். கணவனின் அண்ணன் அனுப்பிய படம். பெரியவர் என்றுதான் வீட்டிலும் கடையிலும் அவரைச் சொல்வார்கள். இணையதளங்களின் வேகத்தைச் சோதித்துச் சொல்லும் பக்கம் ஒன்றை யாரோ அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். அதில் கடையின் முகவரியைப் போட்டு, வந்த விடையைப் படம் பிடித்து அனுப்புவார். நடுவில் சிவப்புக் கட்டம்: சர்வர் பதில் தரத் தாமதமாகிறது. அதன் கீழே அவர் பங்குக்கு ஒரே ஒரு கேள்விக்குறி.

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். திட்டினால் திருப்பித் திட்டலாம். கேள்விக்குறியை என்ன செய்வது?

பிள்ளைகளை விட்டுவிட்டு, மூச்சிரைக்கப் படியேறி, அதே சோதனையை அவள் போட்டுப் பார்ப்பாள். பச்சை. இன்னொரு முறை போட்டால் இன்னும் நல்ல பச்சை. அப்படித்தான் வர வேண்டும். பக்கங்களை ஒரு தடவை தயாரித்து எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே உடனே எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை அவள் செய்திருந்தாள். கேஷ் என்பார்கள். கேட்டதும் கொடுக்க வேண்டிய சர்வர் எதற்காகத் திணற வேண்டும்?

பச்சைப் படத்தை அவருக்கு அனுப்பினாள். பதில் அவளுக்கு வரவில்லை. அவர் தம்பிக்குப் போய், சாப்பாட்டு மேஜையில் அவன் வாய் வழியாக வந்தது. அவ அனுப்புறது அவளுக்குத் தோதாத்தான் இருக்கும் என்றாராம் அண்ணன்.

பொய் சொல்கிறாள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

அதன்பிறகு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். படங்களின் கனத்தைக் குறைத்தாள். தளத்தில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்த துணை நிரல்களைக் கழற்றி எறிந்தாள். சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டுத் தொண்டை வறளச் சண்டை போட்டாள். எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னது. காலையில் முதலில் வரும் வாடிக்கையாளர்கள் சிலரும் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்னார்களாம். ஆக, அவர் அனுப்பும் படம் பொய்யில்லை. அவள் பார்க்கும் பச்சையும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று யோசித்து யோசித்து, பருப்பை இரண்டு தடவை அடிப்பிடிக்க விட்டாள்.

இதற்கிடையில் பெரியவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்த கம்பெனிக்காரன் ஒருவனிடம் பேசி முடித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து இணையதளம் அவன் பொறுப்பு. மாடி அறை சரக்கு வைக்க. இதையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் படியேறிப் போனபோது அவள் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்று துணி மூட்டைகள் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அன்று இரவு கணவனிடம் சொன்னாள், நாளைக்குப் பிள்ளைகளை நீங்கள்தான் பள்ளிக்குக் கூட்டிப்போக வேண்டும், நான் கடை திறக்கும் நேரத்துக்கே போகிறேன் என்று. அவன் வழக்கம்போல, எதற்கு வம்பு, விடு என்றான். அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் இத்தனை வருடமாகத் தூது போகிறவன் அவன். இந்தப் பக்கத்துப் பேச்சில் பாதியையும் அந்தப் பக்கத்துப் பேச்சில் பாதியையும் சமாதானத்துக்காக முழுங்கிவிடுவான். அவள் பின்னல் ரிப்பனை அவன் கையில் திணித்தாள்.

மறுநாள் அவள் போய் நின்றபோது பெரியவர் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். அந்த வேலையைப் பணியாட்களிடம் விடவே மாட்டார். வெட்டி விழுந்த துணித் துண்டுகளை வாரிக் கொட்டினார். கண்ணாடிக் கதவை மூச்சுவிட்டுத் துடைத்தார். நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். நேற்றையது எதுவும் கண்ணில் படக் கூடாது அவருக்கு. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பில் போடும் கணினி முன்னால் உட்கார்ந்தார். 'பழையதை நீக்கு' என்றிருந்த பொத்தானை, தூசி தட்டும் அதே திருப்தியோடு ஒரு தட்டுத் தட்டினார். அப்புறம் சோதனையைப் போட்டார். சிவப்பு. படம் பிடிக்கப் போனைத் தூக்கினார்.

"இப்ப என்ன அமுக்கினீங்க அத்தான்?"

அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் அவள் நிற்பது அப்போதுதான் தெரிந்தது.

"எது? இதுவா? பழசையெல்லாம் எடுத்துட்டேன். தினம் எடுக்கறதுதான். நீ வச்ச பொத்தான்தானே?"

அவள் வைத்ததுதான். ஒருமுறை விலை மாற்றியும் தளத்தில் பழைய விலையே நின்று, ஒரு வாடிக்கையாளர் போனை நீட்டிக் கத்திவிட்டுப் போனார். அதற்காக, எடுத்து வைத்த பக்கங்களை அழிக்க அந்தப் பொத்தானை வைத்தாள். அழித்தபின் முதலில் கேட்கிறவருக்கு சர்வர் பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்க வேண்டும்; அதற்கடுத்து வருகிறவருக்கு அது எடுத்து வைத்ததாகிவிடும். விலை மாற்றினால் மட்டும் அமுக்கச் சொல்லுங்கள் என்று கணவனிடம் சொல்லியனுப்பினாள். அந்த 'மட்டும்' வழியிலேயே எங்கோ விழுந்திருக்கிறது.

"வாசல்ல சாம்பிளுக்குத் தொங்கவிட்டிருக்கீங்களே, தச்ச திரை, அதையெல்லாம் தினம் காலைல பிரிச்சுப் போட்டுட்டு, முதல்ல வர்ற ஆளைப் பார்த்து, 'இருங்க, தச்சுட்டு வர்றேன்'னு சொல்வீங்களா?"

"பைத்தியமா எனக்கு?"

"அதைத்தான் தினம் பண்றீங்க. பண்ணிட்டு, தச்சவ சரியில்லைன்னு எனக்கே படம் அனுப்புறீங்க."

அவர் நம்பவில்லை. பொத்தானைத் தொடாமல் சோதனையை மறுபடி போடச் சொன்னாள். பச்சை. தானாகச் சரியாகியிருக்கும் என்றார். அமுக்கிப் போடச் சொன்னாள். சிவப்பு. அமுக்காமல் ஒரு தடவை. பச்சை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு தரம் தானே செய்து பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். விலை மாற்றினால் மட்டும் அமுக்கும்படி தம்பியிடம் சொல்லியனுப்பியதை அவள் அவரிடம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து அவள் கணவன் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே வந்தான். விலை மாற்றினால் மட்டும் என்று சொன்னதுண்டா என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். சொன்ன ஞாபகம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். பிறகு, ஒரு டீ குடித்துவிட்டு வரட்டுமா என்றான்.

"சரி, தெரியாம நடந்து போச்சு, விடும்மா," என்றார் பெரியவர். "அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட வார்த்தை குடுத்துட்டேன். அவனும் வந்து பார்க்கட்டும். நீயும் வீட்டுல கொஞ்சம் ஓய்வா இரேன்."

இத்தனை நாள் வராத கோபம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. சிவப்புக்கு வந்தது, கேள்விக்குறிக்கு வந்ததெல்லாம் எரிச்சல். தப்பு செய்யவில்லை என்று நிரூபித்த பிறகும் தண்டனை மட்டும் அப்படியே இருக்கும் என்பதை இவ்வளவு கனிவான குரலில் ஒருவரால் சொல்ல முடிகிறதே.

"போன் போடுங்க," என்றாள்.

"யாருக்கு?"

"வார்த்தை குடுத்த ஆளுக்கு. என் எதிர்ல போடுங்க."

கணவன், ஏய் என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை முழுங்கினான். முழுங்குவது அவனுக்குப் பழக்கம்தான். துணி வெட்டுகிற ஆள் கத்தரியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் சுற்றிலும் பார்த்தார். ஓட வழியில்லை. போட்டார்.

"தம்பி, வர வேண்டாம்ப்பா. சரியாயிடுச்சு. இல்லல்ல, பெரிசா ஒண்ணுமில்ல. எங்க பக்கம்தான் சின்னத் தப்பு."

"எங்க பக்கம் இல்ல," என்றாள் அவள். மெதுவாகத்தான் சொன்னாள். போனில் கேட்கிற அளவுக்கு மெதுவாக.

பெரியவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் ஹலோ ஹலோ என்பது கடை முழுக்கக் கேட்டது.

"என் தப்புதான்," என்றார் கடைசியில். "அந்தம்மா பண்ணினது சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் தினம் கலைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

அவள் நன்றி சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பில் கணினியிலிருந்த அந்தப் பொத்தானை எடுத்துவிட்டு, விலை மாறினால் என்னைக் கூப்பிடுங்கள், நேராக என்னையே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

சற்று நேரத்தில் மேலேயிருந்து ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. மூட்டைகள் படிப்படியாக இடித்துக்கொண்டு இறங்கின. முதல் மூட்டையை, அவர் கூட்டித் துடைத்து வைத்திருந்த வாசலில், நட்ட நடுவில் போட்டாள். தூசி கிளம்பியது. அடுத்ததை எடுக்க மேலே போனாள்.

பெரியவர் துடைப்பத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை. இன்னும் இரண்டு வர வேண்டியிருந்தது.