காதில் விழுந்ததெல்லாம்

அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் பாஷை அக்கா என்பார்கள். ஊர்ப் பாஷை தெரியாமல் வருகிற நம்மவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வதே பதினோரு வருடப் பிழைப்பு. அறைக்குள் காதில் விழுந்த எதையும் விடக்கூடாது, சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது. அவளோ பிறவி வாயாடி. சேர்க்காமல் இருப்பதற்குள் உயிர் போய்விடும்.

அன்று எலும்பு டாக்டரின் அறை. மணிக்கட்டு உடைந்த ஒரு பெண். அவளை ஒட்டிக்கொண்டு கணவன்.

"படியில விழுந்துட்டாக்கா. நல்லவேளை, நம்ம ஆளா வந்தீங்க," என்று குழைந்தான். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

எக்ஸ்ரேயில் பழைய முறிவும் தெரிந்தது. அது எப்படி ஆயிற்று என்று டாக்டர் கேட்க, அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். கணவன் சிரித்த முகத்தோடு அவள் தோளைத் தடவினான்.

"வாயத் தொறந்தே, பாப்பாவ இனிமே பாக்கமாட்டே. பாஸ்போர்ட்டு என்கிட்ட இருக்கு, ஞாபகம் வச்சுக்க." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "இத சொல்லாதீங்கக்கா. நமக்குள்ள இருக்கட்டும்" என்றான்.

நாளைக்கு இவன் தெருவில் மறித்தால்? அக்காவுக்குப் பயம்தான். ஆனாலும் டாக்டரிடம் சொன்னாள். மிரட்டலைச் சொன்னாள், சொல்லாதீங்க என்றதையும் சொன்னாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

டாக்டர் கூப்பிட, ஆஸ்பத்திரிக் காவலாளிகள் வந்து அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் கேட்டதை அக்கா தமிழில் சொன்னாள்: "வீட்டுக்குப் போறீங்களா? இல்ல, நீங்களும் பாப்பாவும் பத்திரமா இருக்க ஒரு இடம் இருக்கு, அங்க போறீங்களா?"

அந்தப் பெண் அக்காவின் முகத்தையே பார்த்தாள். 'வீட்டுக்குப் போகாதடி என் தங்கமே' என்று அக்காவின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் என்ன பண்ணட்டும்?"

பாவி மகள், இப்படியா கேட்பாள்! அதையும் டாக்டரிடம் ஒப்பித்தாள். டாக்டர் சொன்ன பதிலையும் திருப்பிச் சொன்னாள். "அது உங்க முடிவும்மா."

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே முக்கால். சட்டென்று எழுந்து நின்றாள்.

"பன்னண்டு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுருவாங்க. அவரு நேரா அங்கதான் போவாரு. முன்னாடி யாராவது போயி என் பாப்பாவ..."

பேசுகிறவர் முடிக்கும்வரை காத்திருப்பது முறை. அக்கா காத்திருக்கவில்லை; பாதியிலேயே டாக்டரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.