குடியிருக்க ஒரு வினைச்சொல்

நீல மையில் நான் நிரப்பிய விண்ணப்பம், குறுக்கே ஒரு சிவப்புக் கோட்டோடு என் மேசைக்குத் திரும்பி வந்தது. எழுபதுகளின் நடுவில், ஹைதராபாத்தில் ஓர் அரசு நிறுவனத்தில் நான் இளநிலை எழுத்தர். கல்யாணமாகி எட்டு மாதம். அல்வாலில் அத்தை வீட்டு முன்னறையில் நானும் மனைவியும் ஒண்டியிருந்தோம். அத்தை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அந்த அறை வழியாகத்தான் வீட்டில் எல்லோரும் வாசலுக்குப் போகவேண்டும். குவார்ட்டர்ஸ் கிடைத்தால் பிழைத்தோம் என்றிருந்தது.

விண்ணப்பத்தில், அத்தையோடு 'ஸ்டே' பண்ணுவதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நிர்வாக அதிகாரி மொழியில் கறாரானவர். தமிழர்தான், ஆனால் அலுவலகத்தில் தமிழ் பேசமாட்டார். ஸ்டே என்றால் நாலு நாள் தங்கிப் போவது, விருந்தாளிக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது என்று ஓரத்தில் குறித்திருந்தார்.

எங்கள் ஹெட்கிளார்க் அம்மாவிடம் காட்டினேன். செகந்திராபாத்தில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. "வேற வெர்ப் போட்டு எழுதிக் குடுங்க தம்பி" என்று புது ஃபாரம் எடுத்துத் தந்தார். 'லிவ்' எனக்குச் சப்பென்று பட்டது. அகராதியைப் புரட்டி, கம்பீரமாக, அல்வாலில் 'ட்வெல்' பண்ணுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனேன். அதைப் படித்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குலுங்கிச் சிரித்தார்.

"நக்கோ தம்பி, வேணாம். இது சர்ச்சுல வர்ற வார்த்தை. கர்த்தர் வாசம்பண்ணுவாரு. நீங்க ரிசைட் பண்ணுங்க."

மூன்றாவது ஃபாரத்தை அவரே அதிகாரியின் அறைக்கு எடுத்துப் போனார். நான் கதவருகே நின்றேன். போன வாரம் ஸ்டே, இந்த வாரம் ரிசைடா, ஆள் வீடு மாறிவிட்டாரா என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். "சார், இந்த ஊர்ல எல்லாரும் 'வேர் டு யூ ஸ்டே'ன்னுதான் கேக்குறாங்க. நீங்க இங்க வந்த அன்னைக்கு என்னையும் அப்படித்தான் கேட்டீங்க. எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்தோட வந்தவரு. நாங்களும் விருந்தாளிங்களா?"

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அப்படியா கேட்டேன்?" என்றார், தமிழில். கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் சாவி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டிரங்குப் பெட்டிகளோடு போய் இறங்கினோம். பால் காய்ச்சிக் குடித்ததும், என் மனைவி வெறும் ஹாலின் நடுவில், பட்டப்பகலில், கை கால் நீட்டி மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. யாரும் வரமாட்டாங்க."

இப்போது தார்நாகாவில் சொந்த வீடு, சோபா, கட்டில் எல்லாம் இருக்கின்றன. மத்தியானம் சாப்பிட்டானதும் அவள் ஹால் தரையில்தான் படுக்கிறாள். நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.