தம்பியை வெளியே உட்கார வைத்த கேப்டன்

கோட்டுச்சேரிக்கு மீன் விற்கப் போன என் மனைவி அன்று நிறைந்த கூடையோடு திரும்பி வந்தாள். "கோதண்டம் அண்ணன் காலையில தவறிட்டாங்க. தெருவே அங்கதான் நிக்குது" என்றாள். தைத்துக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவருடன் கால்பந்து ஆடியவர்களுக்கு எழுபதுகளின் அந்த வருடம் மறந்திருக்காது. திருவிழாக் கூட்டத்தில் யாரோ யாரையோ சாதி சொல்லித் திட்டப்போய், எங்கள் கருக்களாச்சேரியும் கோட்டுச்சேரியும் பகையாகிவிட்டன. எட்டு மாதம் எங்கள் பெண்கள் அங்கே கூடை இறக்கவில்லை. பாண்டிச்சேரிப் போட்டிக்கு அணி சேர்க்கும் பொறுப்பு அப்போதுதான் அவரிடம் வந்தது. தனியாகச் சைக்கிளில் வந்து எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் முன் நின்றார். "அஞ்சு பேரைக் குடுங்க. அவங்க மேல ஒரு கீறல் விழுந்தா நான் இங்க வந்து நிக்கிறேன்" என்றார்.

எதிரணிக்காரரிடம் பந்தைப் பறிக்கும்போதுகூட "கொஞ்சம் தள்ளுங்க" என்பார். அவ்வளவு சாது. அவர் தம்பி ராஜேந்திரனோ எங்களில் சிறந்த ஆட்டக்காரன். ஆனால் அந்த ஐந்து பேரில் ஒருவனான நான் இடது ஓரத்தில் தனியாக நின்றாலும் பந்து தரமாட்டான். ஒருநாள் பயிற்சியில், "இவனுக்கெல்லாம் நான் குடுக்கணுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"வெளில போய் உக்காரு. குடுக்கணும்னு தோணுறப்ப வா" என்றார் அண்ணன்.

இதற்காக அவர் அம்மா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். பாண்டிச்சேரி இறுதி ஆட்டத்திலும் தம்பி வெளியேதான்; ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் ராஜேந்திரன் எழுந்து வந்து, தலை குனிந்தபடி, "குடுக்குறேன்ணே" என்றான். கொடுத்தான். நான் அடித்தேன், வலைக்குள் போனது. கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல் வாங்கித் தோற்றது வேறு விஷயம். "நல்லா ஆடினவங்க அவங்க, நல்லா சேர்ந்தவங்க நாம" என்று சொல்லி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார் அண்ணன்.

அடுத்த வாரம் எங்கள் பெண்கள் தயங்கித் தயங்கிக் கோட்டுச்சேரிக்குள் போனார்கள். முதலில் வாசலுக்கு வந்து, "வாங்க, என்ன மீனு?" என்று கேட்டவர் கோதண்டம் அண்ணனின் அம்மாதான்.

பாடை எடுக்கும் நேரத்தில் நான் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தேன். ராஜேந்திரன் தேடி வந்து என் கையைப் பிடித்தான். "முன்னால வந்து தோள் குடுங்கண்ணே." பெரியவர்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் முன்னால் போய்த் தோள் கொடுத்தேன்.

கோதண்டம் அண்ணன் எனக்கு என்ன விட்டுப்போனார் என்று கேட்டால், அந்தத் தெருவில் எனக்கு ஒரு தம்பியை விட்டுப்போயிருக்கிறார்.