பருத்திக்குப் பின்னால் ஒரு வீடு

விண்ணரசி சித்தி வீடு கட்டிய கோடையில் என் அப்பா பருத்தி போட்டார். அதற்கு முன்பும் அவர் பருத்தி போட்டதில்லை, பின்பும் போட்டதில்லை.

நன்னிலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். தாத்தாவின் நிலத்தைப் பிரித்தபோது ரோட்டோர வயல் மூத்தவரான என் அப்பா ரெமிஜியஸுக்கும், அதற்கு உள்ளே இருந்த வயல் அவர் தம்பி குழந்தைராஜுக்கும் வந்தன. உள்வயலுக்குப் பத்திரத்தில் பாதை கிடையாது. அப்போது யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் பக்கத்தில் சம்பா அறுத்துவிட்டால் ஜூனில் தண்ணீர் வரும்வரை வயலெல்லாம் வெறும் தரைதான். யாருடைய டிராக்டரும் யார் வயல் வழியாகவும் போகும். அந்த நான்கு மாதத்தை நம்பித்தான் சித்தப்பா உள்வயலில் மண் கொட்டி மேடாக்கி அஸ்திவாரம் போட்டார்.

அவர் கொத்தனார்; சித்தி அவரிடம் சித்தாள். இருபது வருடமாக இருவரும் சேர்ந்து ஊரார் வீடுகளைக் கட்டிவிட்டு, கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அந்த அறையையும் ஆடிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்குச் சித்தியை ஆகாது. தாத்தா பார்த்து வைத்த பெண்ணை விட்டுவிட்டு, தஞ்சாவூரில் ஒரு கட்டடத்தில் கலவை சுமந்துகொண்டிருந்தவளைத் தம்பி கூட்டிவந்தது ஒரு காரணம். வந்தவள் அவரைக் கண்டு ஒதுங்கி நிற்காதது அதைவிடப் பெரிய காரணம். "சித்தாளுக்குத் தளம் போட்ட மெத்தை வீடு கேக்குது பாரு. அதுவும் என் வயலுக்குப் பின்னாடி" என்று டீக்கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அறுப்பு முடிந்த மறுவாரம் டிராக்டரை இறக்கி, வயல் முழுக்கப் பார் பிடித்து, பருத்தி விதை ஊன்றினார். மேடும் பள்ளமுமாகப் பார் ஓடும் வயலில் வண்டி போகாது. முளைத்த பயிரை மிதிக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

சித்தப்பா வேலையை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் செங்கல் லோடு வந்து ரோட்டோரத்தில் இறங்கியது. வயலைச் சுற்றிக்கொண்டு போகும் வாய்க்கால் கரை ஒன்றுதான் மிச்சம்; இரண்டடி அகலம். சித்தி சும்மாடு கட்டிக்கொண்டு எட்டுக் கல்லைத் தலையில் ஏற்றி அதில் நடக்கத் தொடங்கினாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு தொடங்கிவிட்டால் ஆள் கிடைக்காது, கரையும் சேறாகிவிடும். அதற்குள் மேல்தளம் போட்டாக வேண்டும்.

குந்தவை என்கிற பெண்ணின் அரசுத் தொகுப்பு வீட்டுக்குச் சித்தி ஒரு மாதம் கூலி வாங்காமல் கலவை போட்டிருந்தாள். அப்படி இன்னும் நான்கைந்து வீடுகள். அந்த வீட்டுப் பெண்களெல்லாம் சும்மாட்டோடு வந்து சேர்ந்தார்கள். செங்கல், மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் தலைச்சுமையாகவே உள்ளே போயின.

மே மாதம் பருத்தி வெடித்தது. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். பருத்தி எடுக்க ஆள் தேடி அப்பா தெருத்தெருவாக அலைந்தார். ஆட்கள் இருந்தார்கள், வாய்க்கால் கரையில்.

ஒரு காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனார். சித்தி எதிரிலேயே கல்லோடு நின்றாள். அவளிடம் அவர் நேராகப் பேசுவதில்லை.

"அனிட்டா, உன் சித்திகிட்ட கேளு. ஊர்ல உள்ள பொம்பளைங்களை எல்லாம் கட்டி வச்சிருக்காளா?"

"நான் எங்க மாமா கட்டி வச்சேன்?" என்றாள் சித்தி. "ரெண்டு பாரைத் தட்டி வழி விடுங்க. டிராக்டர்ல ஒரே நாள்ல ஏத்திட்டுப் போயிடறேன். நாளைக்கே இத்தனை பேரும் உங்க வயல்ல நிப்பாங்க."

"பருத்தி காத்துல போனாலும் போகட்டும்னு சொல்லு. வழி கிடையாதுன்னு சொல்லு."

பின்னால் நின்ற குந்தவை, "பெரியவரே, பருத்திதான் வெடிக்கணும். நீங்க வெடிச்சிடாதீங்க. ஓரமா நில்லுங்க, கழுத்து வலிக்குது" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அப்பா ஓரமாக நிற்க வேண்டியதாயிற்று. கரையில் வேறு இடமில்லை. நானும் நின்றேன். சித்தி என்னைத் தாண்டிப் போகும்போது அவள் கழுத்து நரம்பு தெரிந்தது. நான் ஒரு கல்லைக்கூட வாங்கவில்லை.

அடுத்த வாரம் இரண்டு நாள் கோடை மழை. வெடித்த பருத்தியெல்லாம் நனைந்து பழுப்பேறித் தொங்கியது. நானும் அம்மாவும் எடுத்த வரைக்கும் எடுத்தோம். வியாபாரி தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அப்பா செடியைப் பிடுங்கவில்லை. செடி நின்றால்தான் வழி அடைபடும்.

ஜூன் முதல் வாரம் மேல்தளம். கலவை மெஷின் உள்ளே வர வழியில்லாததால் கையாலேயே கலந்து போடுவது என்று முடிவானது. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாத வேலை. அன்று விடிவதற்கு முன்பே அப்பா போர் மோட்டாரைப் போட்டுவிட்டார். பருத்தி வயல் நிரம்பி, தண்ணீர் கரை மேல் வழிந்தது. முதலில் வந்த இரண்டு பெண்கள் வழுக்கி விழுந்தார்கள். சித்தி வந்து பார்த்தாள். காலி சிமெண்ட் சாக்குகளை எடுத்துவந்து கரை நெடுகப் பரப்பினாள். பிறகு இரண்டு குடத்தோடு எங்கள் வயல் ஓரத்தில் இறங்கி மொண்டாள்.

"மாமாவுக்கு நல்ல மனசு!" என்று ரோட்டுக்கு எதிரே இருந்த எங்கள் வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். "தண்ணி எங்கேயிருந்து தூக்கறதுன்னு ராவெல்லாம் கவலைப்பட்டேன்!"

அப்பா மோட்டாரை நிறுத்தினார். அதற்குள் அவள் டிரம்மெல்லாம் நிரம்பிவிட்டன. பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்தது.

பூச்சு வேலை பாதியில் இருக்கும்போதே குடிபோனார்கள். அவள் அங்கே இருந்தது இரண்டரை வருடம். கேஸ் சிலிண்டரும் பீரோவும் கட்டிலும் அந்தக் கரை வழியாகத்தான் போயின. அப்பா ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

போன நவம்பரில் மஞ்சள் காமாலை முற்றி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சித்தி இறந்தாள். உடலைக் கொண்டுவந்த வண்டி ரோட்டில் நின்றது. அடக்கப் பூசைக்குக் கோயிலுக்குப் போகும் முன் அவள் தன் வீட்டுக்குள் போக வேண்டும். மழைக்காலம், வாய்க்காலில் தொடையளவு தண்ணீர் ஓடியது. எங்கள் வயலில் நட்டு ஒரு மாதமான சம்பா. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டடிக் கரையில் நான்கு பேர் நடக்க முடியாது.

அப்பா வரப்பில் நின்றார். பருத்தி போட்ட நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியிடம் பேசினார்.

"வயல்ல இறங்கிப் போங்கடா. பயிர் போனா போகுது."

சித்தப்பா பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வேணாண்ணே. உங்க பயிரு நல்லா இருக்கட்டும்" என்றார்.

குந்தவையின் கணவர் பஞ்சநதமும் இன்னொருவரும் கரையில் ஏறிக்கொண்டார்கள். சித்தப்பாவும் மற்றவரும் வேட்டியை மடித்துக் கட்டி வாய்க்காலில் இறங்கினார்கள். பெட்டி ஒரு பக்கம் சரிந்து சரிந்து போனது. சேற்றில் கால் வைக்குமிடம் தேடித்தேடி அவர்கள் போய்ச் சேர வெகுநேரமாயிற்று. அப்பா கடைசி ஆளாகப் பின்னால் நடந்து, கரை முடிந்து அவள் வாசல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டார். யாராவது 'வாங்க' என்று சொல்வார்கள் என்று பார்த்தார். துக்க வீட்டில் யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் உடலை எடுக்கும்வரை அங்கேயே நின்றார்.