எங்களுக்கு முன்னே மைதானத்தில் நடந்தவர்

ஓமந்தையைக் கடந்து பஸ் புளியங்குளம் நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது கழகப் பொருளாளர் அழைத்தார். "ரீச்சர், எங்கட தலைவர் மோசம் போயிட்டார்."

"மைதானத்திலையோ?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்லை, வீட்டிலை. கதிரையிலை இருந்தபடி. நெஞ்சு நோகுது எண்டவராம்."

அப்பாடா என்று இருந்தது. ஒருவர் இறந்த செய்திக்கு அப்படி நினைக்கலாமா என்பது பிறகுதான் உறைத்தது. இராசநாயகம் அண்ணரை அறிந்தவர்களுக்கு அந்த நிம்மதி விளங்கும். அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் எங்கள் விளையாட்டுக் கழகம் மிகப் பழையது. மைதானம் அரசாங்கத்துடையதல்ல, கழகத்தைத் தொடங்கியவர்கள் தாங்களே வாங்கி, காடு வெட்டித் திருத்திய நிலம். அவர்கள் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. உதைபந்தாட்டப் போட்டிக்கு முன்னர் கழகத் தலைவர் ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தைத் தொட்டு, தனியே நடந்துபோய், மறுபக்கத்துக் கம்பத்தைத் தொட வேண்டும். அதுவரை வேறு எவரும் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கரையில் மேளம் முழங்க, தலைவர் பட்டுச் சால்வையோடு நடப்பாராம். அந்தப் பதவிக்கு நல்ல அடிபாடும் இருந்ததாம்.

அண்ணர் அப்போது கழகத்தின் கோல் காப்பாளர். பயந்த சுபாவம். பந்து வந்தால் "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டுதான் பாய்வார் என்று கூட விளையாடியவர்கள் பகிடி பண்ணுவார்கள். ஆனாலும் பாய்வார் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பியபோது மைதானம் பற்றைக் காடாகக் கிடந்தது. சுற்றிவர மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, வேலையை முடித்து, பலகைகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். நிலம் துப்புரவாகிவிட்டது, ஆனாலும் ஏதாவது கண்டால் தொடாமல் அறிவியுங்கள் என்றார்கள். இரண்டாவது பகுதிதான் எங்கள் காதில் நின்றது.

கழகத்தை மீண்டும் தொடங்கக் கூட்டம் வைத்தோம். செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். தலைவர் பதவிக்கு ஆள் கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்த வழக்கத்தை விட்டுவிடலாமே என்று ஒருவர் மெல்ல இழுத்தார். அண்ணர் எழுந்தார்.

"அதை விட்டால் முதல் ஓடப்போறது பிள்ளையள். நான் நடக்கிறன்."

"உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"பயம்தான். இப்பவே கால் நடுங்குது. அதுதான் கதிரையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

உண்மையாகவே பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

முதல் போட்டியன்று அவர் நேர்கோட்டில் நடக்கவில்லை. வயல் உழுகிறவர் போல இங்கும் அங்குமாக மைதானம் முழுவதும் நடந்தார். பார்வை நிலத்தை விட்டு எழவில்லை. மறு கம்பத்தைத் தொட்டவர், பற்றை ஓரமாகப் போய்க் குனிந்து சத்தி எடுத்தார். அதன் பிறகு பயிற்சி நாட்களிலும் நடக்கத் தொடங்கினார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

ஒரு மாரி மழைக்குப் பிறகு மூலைக் கொடிக்குப் பக்கத்தில் ஏதோ தகரம் தெரிய, எல்லோரையும் வீதிக்குக் கலைத்துவிட்டார். மிதிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்தால் வெறும் மீன் ரின். பெடியள் அதை வைத்தே கன நாள் நக்கலடித்தார்கள். "ரின் எண்டால் சந்தோசம்தானே, வேறை என்ன வேணும் உங்களுக்கு?" என்று அவரும் சிரித்தார். அடுத்த மாரியில், கோலுக்குப் பின்னால் மழை அரித்த இடத்தில் அவர் கண்டது ரின் அல்ல. அகற்றுகிறவர்கள் வந்து அதை வெடிக்க வைத்தபோது என் வீட்டு யன்னல் அதிர்ந்தது. முதல்நாள் மாலை அந்த இடத்துக்குத்தான் என் மகள் பந்து எடுக்கப் போயிருந்தாள். அதற்குப் பிறகு நக்கல் இல்லை.

அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அண்ணரின் நினைவாகப் பெண்கள் அணியின் போட்டியொன்றை வைக்கிறோம். மகளும் ஆடுகிறாள். புதிய தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்தில் மறுபடியும் ஒருவரும் முன்வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். மகளை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

நேற்றுப் பயிற்சிக்கு முன்னர் நடந்தேன். கிழமை முழுக்க மழை பெய்திருந்தது. ஒரு சோடா மூடியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். மறு கம்பத்தைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கோட்டுக்கு வெளியே பிள்ளைகள் நின்றார்கள். மகள் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, வரட்டோ?"

நான் கால் வைக்காத இடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. நடந்தபோது இருந்த பயம் என் உயிரைப் பற்றியது. இது அப்படியல்ல. இந்தக் கேள்விக்கான பதிலை இராசநாயகம் அண்ணர் இத்தனை வருடமாக ஊராரின் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, விளையாட்டு முடியும்வரை கரையில் நின்றிருக்கிறார்.

"வா" என்றேன். அவள் ஓடி வந்தாள்.

போய் ஆறுங்கள் அண்ணை. உங்களுக்கு இனிப் பயமில்லை.