டீச்சர் வீட்டுச் சீலிங்கில் உருண்டது

போன வாரம் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஏர்கோன் குழாய்க்குள் ‘டொக்’கென்று ஒரு சத்தம். குவளையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். “ரிட்டயராயி எத்தன வருசமாச்சு, இன்னும் சீலிங்கையே பாக்குறீங்களே” என்று மனைவி சிரித்தாள். நான் பார்ப்பது ஆசையில் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் டக்ட்டிங் ஆள். தகட்டை மடித்துப் பெட்டிபெட்டியாகக் குழாய் செய்து, சீலிங்குக்கு மேலே தொங்கவிட்டு, குளிர்காற்றை அறை அறையாகக் கொண்டுபோகும் வேலை. அப்போதெல்லாம் வங்கிக்கும் ஓட்டலுக்கும்தான் அது கட்டுப்படியாகும். வீடு என்று நானும் கூட்டாளி மாரிமுத்துவும் செய்தது ஒன்றே ஒன்று, ஈப்போ எல்லையில் ஒரு டாக்டர் கட்டிய புது பங்களா. அது நின்றது லம்பம் என்று நாங்கள் சொல்லும் பழைய ஈயச் சுரங்கத்துப் பள்ளத்தை மூடிய மண்ணில். மண் சரிந்து உள்ளேயே போனவர்களைப் பற்றிச் சாப்பாட்டுக் கடையில் கதைகதையாகச் சொல்வார்கள். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பேய்க்கதை கேட்டே வளர்ந்தவன், இது போதாதா எனக்கு? அந்தச் சீலிங் இருட்டில் முட்டிபோட்டு ஊர்ந்த நாளெல்லாம் யாரோ காலைப் பிடித்து இழுக்கப்போகிறார்கள் என்றே இருந்தது.

வேலை முடிந்து ஆறேழு மாதம் இருக்கும். அந்த வீட்டுக் குழாயில் சத்தமாம், போய்ச் சரிபண்ணுங்கள், இல்லையென்றால் வேறு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்றார் எங்கள் தவுக்கே. முதலாளி சொன்னால் சொன்னதுதான்.

காலை பத்து மணிக்குப் போனோம். டாக்டரின் மனைவி ரோஸ்லின் டீச்சர் கதவைத் திறந்தார். ஏழு மாதக் கர்ப்பம். அதற்கு முன் இரண்டு பிள்ளை தங்கவில்லை என்று வேலை நடந்தபோதே கேள்விப்பட்டிருந்தோம்.

“என் கட்டிலுக்கு மேலயேதான் தம்பி உருளுது. ஏர்கோன் போட்டா ஓடுது, நிப்பாட்டினா திரும்பி வருது. எலிதான்லா-ன்னு சொல்றாரு இவரு. எலி சுவிட்சப் பாத்தா ஓடும்?”

சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. “இதுவும் போயிரும்னு சொல்லுற மாதிரியே இருக்கு” என்று வயிற்றில் கை வைத்துக்கொண்டார்.

குழாய்ச் சத்தம் பல வகை. தகடு குளிர்ந்து சுருங்கினால் ‘டம்’மென்று ஒரு அடி, குறுக்கே இரும்புப் பட்டை வைத்தால் அடங்கும். தொங்கவிட்ட கம்பி தளர்ந்திருந்தால் நடுங்கும், முறுக்கினால் போதும். காற்றாடியின் ஆட்டம் குழாய்க்கு ஏறினால், நடுவே கட்டிய கித்தான் கிழிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசியில் துடைப்பக்கட்டையின் ஒரு முனையைத் தகட்டில் வைத்து மறுமுனையில் காதை வைத்தேன். அதுதான் எங்கள் டாக்டர் குழல்! சுவிட்சைப் போடச் சொன்னேன்.

கடகடகட... டொக். என் காதுக்குள்ளேயே உருண்டது.

“மச்சான், உள்ள என்னமோ இருக்குடா. எறங்கு, போலாம்” என்று சொன்ன மாரிமுத்து, நான் பதில் சொல்லும் முன் ஏணியில் பாதி இறங்கிவிட்டான். எனக்கும் இறங்கத்தான் ஆசை. ஆனால் கீழே டீச்சர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். ஏர்கோனை நிறுத்தச் சொல்லி, தகட்டில் ஒரு சதுரம் வெட்டிக் கையை விட்டேன். வறண்டு, இறுகி, கோலிக்குண்டு மாதிரி ஒன்று கையில் வந்தது. எலுமிச்சம்பழம். குங்குமம்கூட இன்னும் ஒட்டியிருந்தது.

வைத்தவன் நானேதான். தோட்டத்தில் புது நிரைக்கு, அதாவது புது ரப்பர் மர வரிசைக்கு, பால் வெட்டப் போகிறவர்கள் முனீஸ்வரனை நினைத்து முதல் மரத்தடியில் ஒரு பழம் வைப்பார்கள். அதே நினைப்பில், லம்பத்து மண்ணுக்குப் பயந்து, கடைசித் தகட்டை மூடும் முன் மாரிமுத்துவுக்கும் தெரியாமல் உள்ளே வைத்தேன். பிறகு சுத்தமாக மறந்துபோனேன். மாதக்கணக்கில் குளிர்காற்றில் காய்ந்து இலேசாகிவிட்ட அதைக் காற்று உருட்டியிருக்கிறது, காற்று நின்றால் குழாயின் சரிவில் அது திரும்பி வந்திருக்கிறது. என் பயம்தான் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே இத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சிலுவை மாட்டிய வேதக்கார வீட்டில், பிள்ளை தங்காத பெண்ணின் கட்டிலுக்கு மேலே, குங்குமம் தடவிய பழம்! செய்வினை என்பார்கள், போலீசுக்குப் போவார்கள். பழத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

“ஒரு ஸ்க்ரூதான் டீச்சர். கழண்டு உள்ள கெடந்துச்சு.”

“காட்டுங்க தம்பி.”

என் பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மேசைமேல் வைத்து விரலால் தள்ளினார். தலை கனத்த ஸ்க்ரூ. இருந்த இடத்திலேயே வட்டம் போட்டு நின்றுவிட்டது. டீச்சர் என்னையே பார்த்தார்.

“இது ஓடலயே. என்னா பாத்தீங்க மேல? ஏன் தம்பி சொல்ல மாட்றீங்க?”

“ஒன்னும் இல்ல டீச்சர்” என்றேன். அந்த முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது, ஆனால் சொல்லவே முடியாத எதையோ நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. அன்று சாயங்காலமே பீடோரில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம்.

இரண்டு வாரம் கழித்து, எப்படியும் சொல்லிவிடுவது என்று பீடோர் பஸ் ஏறினேன். பாதி வழியில், காம்பாரில் பஸ் நின்றது. இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்தேன். எதிரே ஈப்போ பஸ் வந்தது, அதில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் அந்த வீட்டை விற்றுவிட்டார். இப்போது அங்கே கார் கழுவுகிறார்கள். தவுக்கேயின் பட்டறை இல்லை, மாரிமுத்து இல்லை, பீடோரில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள்கூட யாரும் இல்லை. விசாரித்துப் பார்த்தேன், முப்பது வருடம் கழித்து. அந்தப் பிள்ளை பிறந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.